மூலநூலை முழுதாகப் படிக்கட்டும்

இங்கிலாந்தில் 2017 முதல் நடக்கும் திருத்தியமைத்த ஜிசிஎஸ்இ பள்ளித்தேர்வின் ஆங்கில இலக்கியத் தாள்களில், நாடகத்தையோ நாவலையோ அறைக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. ஷேக்ஸ்பியர் நாடகம், 19ஆம் நூற்றாண்டு நாவல், கவிதைகள் பற்றிப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதவேண்டும். பயந்துபோன பிள்ளைகள் மேற்கோள்களை உருப்போடுகிறார்கள். அது வீண் சுமை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கொலைக்கு முன் மக்பெத் ஏன் தயங்குகிறான் என்று வகுப்பில் வாதாடிய பிள்ளைக்கு, வேண்டிய வரி தானாக நினைவில் தங்கும். மேலும், முன்பின் பார்த்திராத கவிதையும் வினாத்தாளில் வரும்; அங்கே உருப்போட்டது எதுவும் கைகொடுக்காது.

ஆசிரியர்களே, வாரம் ஒரு புதுக் கவிதையைக் கொடுத்துப் பேசவிடுங்கள். பெற்றோரே, மாதிரி விடைநூல் வாங்குமுன் மூலநூலைப் பிள்ளை முழுதாகப் படித்துவிட்டதா என்று கேளுங்கள்.