'பசிச்சா தானா தின்னும்'னு சொன்னது நான்தான்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல தங்கச்சி மவ போன் பண்ணினா. "மாமா, டிங்கு கம்பியில உக்காராம கூண்டுக்கு அடியில உக்காந்திருக்கு மாமா. ரெக்கையை உப்பிக்கிட்டு கண்ணை மூடி மூடித் தொறக்குது." எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. ஏன்னா அந்தப் பறவையைப் பட்டினி போடச் சொன்னது நான்தான்.

டிங்குங்கிறது காக்கட்டீல். தலையில கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு வெச்ச ஆஸ்திரேலியாக் கிளி. கோயமுத்தூர்ல அவ அபார்ட்மென்ட்டுல ரெண்டு வருசமா இருக்கு. (நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டுல வெச்சிருக்கிறவங்க யாராச்சும் படிச்சா ஒண்ணு சொல்லிடறேன்: 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். அதுக்குத் தீனி யோசனை எங்கிட்ட இல்லை.) டிங்குவுக்குத் தெரிஞ்ச சாப்பாடு ஒண்ணே ஒண்ணு, சூரியகாந்தி விதை. கலந்த விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டா தினை, சாமையெல்லாம் மூக்கால தள்ளிவிட்டுட்டு சூரியகாந்தியை மட்டும் பொறுக்கும்.

சூரியகாந்தியை நான் பத்துப் பன்னெண்டு வருசம் வெள்ளாமை வெச்சவன். எண்ணெய்க்காகத்தானே அதை வெதைக்கிறோம்? உள்ள இருக்கிற பருப்புல கிட்டத்தட்ட பாதி எண்ணெய். எங்க காட்டுல பூவுல வந்து விழற கிளிகளும் அதைத் திங்குதுதான். ஆனா அதுக காலையில இருந்து பொழுது சாய வரைக்கும் பறக்குது. நடுவுல வேப்பம்பழம், கொய்யா, இளங்கதிர்னு எதையெல்லாமோ கடிக்குது. ரெண்டடிக் கூண்டுல உக்காந்துக்கிட்டு எண்ணெய் வித்தை மட்டும் தின்னா ஈரல்ல கொழுப்பு படியும். விதை மட்டுமே திங்கிற பறவைக்கு வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் பத்தாது. மூக்கு, தொண்டையில சீக்கு வரும், பொட்டைப் பறவையா இருந்தா முட்டை உள்ளேயே மாட்டிக்கும். பறவை டாக்டர் இதைச் சொல்லி, "கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க"ன்னு அனுப்பினார். எடை போட்டப்போ 104 கிராம்.

அவளும் கேரட்டைச் சீவி வெச்சா, கீரையை நறுக்கி வெச்சா. மூணு நாளும் எல்லாம் கூண்டுக்கு வெளியே பறந்துச்சு. அப்பத்தான் என்னைக் கேட்டா. நான் வரப்புல நின்னுக்கிட்டே, பெரிய மனுசனாட்டம், "விதையை எடுத்துரு கண்ணு. ரெண்டு நாள் காஞ்சா தானா தின்னும்"னுட்டேன். ஒன்றரை நாள்ல அந்தப் போன் வந்துருச்சு. டாக்டர் எடை போட்டா 92 கிராம். நூறு கிராம் உசுருக்கு பன்னெண்டு கிராம் போறதுன்னா, அறுபது கிலோ ஆளுக்கு ஏழு கிலோ போற மாதிரி. எடையில பத்துல ஒரு பங்கு கொறைஞ்சாலே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாராம். நல்லவேளை, குழாய்ல தீனி குடுத்துப் பிழைக்க வெச்சுட்டார்.

கூத்து என்னன்னா, இதை என் மாட்டுக்கு நான் செய்ய மாட்டேன். மொத மொத அசோலா போட்டப்போ மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பட்டினியா போட்டேன்? தவிட்டுலயும் புண்ணாக்குலயும் ஒரு பிடி பிசைஞ்சு வெச்சேன், பத்து நாள்ல பழகிருச்சு. கோழிக்குஞ்சும் அப்படித்தான். தாய்க்கோழி 'கொக் கொக்'னு கூப்பிட்டு, தானியத்தைக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும். கடையில ஒரு நாள் குஞ்சு வாங்கிட்டு வந்தா தாய் இருக்காது. அதனால பேப்பர்ல தீவனத்தைத் தூவி நாம விரலால தட்டுவோம். கொத்துதுன்னு நெனைச்சுக் குஞ்சுகளும் வந்து கொத்தும். இதெல்லாம் தெரிஞ்ச கைதான். கூண்டுக்கிளின்னதும் அது என்னமோ செல்லம் குடுத்துக் கெட்ட புள்ளைன்னு தோணிருச்சு.

டிங்குவுக்கு வீம்பு ஒண்ணும் இல்லைங்க. கேரட்டுங்கிறது திங்கிற பொருள்னு அதுக்கு யாரும் காட்டினதில்லை. கூட்டமா மேயுற சாதி அது. மத்தது எதைத் திங்குதோ அதைத்தான் நம்பித் திங்கும். அந்த வீட்டுல அதோட கூட்டம் யாரு? தங்கச்சி மவளும் அவ வீட்டுக்காரரும்தான். அவங்க சாப்பிடறப்போ கிளி வேற ரூம்ல இருந்துச்சு.

இப்ப அவ செய்யறதைச் சொல்றேன். மொதல்ல சமையல் தராசு ஒண்ணு வாங்கி, தினம் காலையில எடை போட்டு நோட்டுல எழுதுறா. விதை நிக்கலை, ஆனா காலையில மொத தீனி கீரையும் காயும், ஒரு மணி நேரம் கழிச்சு விதை. நனைச்ச தினையைத் துருவின கேரட்டோட பெசறி வெச்சா தினை கேரட்டுல ஒட்டிக்கும். தினையை எடுக்கப் போனா கேரட்டு வாயில பட்டே ஆகணும். முருங்கைக் கொப்பை ஈரத்தோட கூண்டு மேல கட்டித் தொங்கவிட்டா. மொத வாரம் அதுல குளிச்சுச்சு, அவ்வளவுதான். அடுத்த வாரம் இலையைக் கிழிச்சுச்சு. கிழிக்கிறது பாதி திங்கிறதுதான். கூண்டைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துல கொண்டாந்தாங்க. கேரட்டை அவளே கடிச்சு, "ம்ம்"னு ரசிச்சுட்டு நீட்டுவாளாம். மாப்ளைக்குச் சிரிப்பு. நம்ம தாய்க்கோழி வேலைதானே!

நான் அனுப்பினது பால் பிடிச்ச கம்பங்கதிர். நகத்தால கிள்ளினா வெள்ளையாப் பால் வரும் பாருங்க, அந்தப் பருவம். காஞ்ச விதையும் இல்லாம பச்சைக் காயும் இல்லாம நடுவுல நிக்கிற தீனி அது. பஸ்ஸுல பை போட்டு விட்டேன். கதிரைக் கால்ல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அது தின்ன வீடியோவைப் பாத்தப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

டவுன்ல இருக்கிறவங்க ரெண்டு மூணு விசயத்துல ஏமாறுவீங்க. கிண்ணம் நெறைஞ்சிருக்குன்னு பாக்காதீங்க, மேல ஊதிப் பாருங்க. பாதிக்கு மேல வெறும் உமியா இருக்கும். கிளி உமியைக் கொறிச்சுக்கிட்டே இருக்கும், தள்ளி நின்னு பாத்தா திங்கிற மாதிரியே தெரியும். எச்சம் கொறைஞ்சா தின்னலைன்னு அர்த்தம்.

அடுத்தது, கீரை. நான் விவசாயி, அதனால வெளிப்படையாச் சொல்றேன். சந்தைக்கு வர்ற கொத்தமல்லி, கறிவேப்பிலைக்கு மருந்து அடிச்சுட்டுச் சரியா நாள் கணக்குப் பாத்துத்தான் எல்லாரும் அறுக்குறாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நானே ஒரு காலத்துல பாக்கலை. நீங்க தாங்குறதை நூறு கிராம் பறவை தாங்காது. பால்கனியில ஒரு தட்டுல மண்ணைப் போட்டு கம்போ வெந்தயமோ தூவுங்க, பத்து நாள்ல பச்சை வந்துரும். அதுக்கு மளிகைக்கடைத் தானியத்தை எடுங்க. விதைக்கடையில வெதைக்கறதுக்குன்னு குடுக்கிற விதை செவப்பா, பச்சையா சாயம் ஏறின மாதிரி இருக்கும். பூஞ்சாண மருந்து தடவினது, கிட்டவே கொண்டு போகாதீங்க. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும், கம்பியில சொருகி வெச்சாப் போதும். ஆசைன்னு அவகாடோ, சாக்லேட் மட்டும் குடுத்துராதீங்க, ரெண்டும் விஷம். உப்புப் போட்ட கடலையும் வேண்டாம்.

மூணு மாசம் ஆச்சு. 98, 99 கிராம்ல நிக்குது. சூரியகாந்தி இப்ப நாளைக்கு நாலே நாலு, அதுவும் கையில வாங்கித் திங்கணும். கேரட்டு திங்குது, முருங்கை திங்குது, பீன்ஸை இன்னும் தூக்கித்தான் எறியுது. எறியட்டும், எனக்கும் பீன்ஸ் ஆகாது.

நேத்து போன் பண்ணி, "மாமா, கம்பங்கதிர் இன்னும் இருக்கா?"ன்னா. கம்பு அறுத்து வாரமாச்சு. முருங்கைக் கொப்புதான் ஒடிச்சு வெச்சிருக்கேன், காலையில மொத பஸ்ஸுக்குக் குடுத்து விடணும்.