உரமூட்டையும் மீன் வெடியும்

எங்கள் தோட்டம் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையில் உள்ளது. கடலை நாங்கள் பார்த்ததெல்லாம் பள்ளி விடுமுறையில் பந்தாய் மெர்டேக்காவுக்குப் போனபோதுதான். அதனால் பவளப்பாறைகளைக் காக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது மீனவர்களுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும் உரிய சங்கதி என்றே நினைத்திருந்தேன். நம் தமிழ் மாணவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

எனக்குப் பத்து வயதிருக்கும். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் கார் பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் இறங்குவார். இரண்டு கம்பிகளை நீரில் விடுவார். வாளி தூக்குவது என் வேலை. விராலும் கெளுத்தியும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பெரியதை மட்டும் பொறுக்குவோம். விரல் நீளக் குஞ்சுகள் நீரோடு போய்விடும். அன்றிரவு லயம் முழுக்க மீன் குழம்பு மணக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த ஓடையில் தூண்டில் போட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். "தோட்டத்து மருந்து தண்ணியில கலந்துடுச்சு" என்றார் மாமா. மருந்தும் காரணமாக இருக்கலாம். வாளி தூக்கியவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு காரணமும் தெரியும்.

மீன் வெடியும் இதே கணக்குத்தான், அழிவுதான் பெரியது. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய வெடிமருந்தால் தென்கிழக்காசியக் கடல்களில் பரவிய பழக்கம் இது. இன்று பெரும்பாலும் உரத்தை மூலப்பொருளாகக் கொண்டு செய்கிறார்கள். ஆமாம், நம் பெற்றோர் செம்பனை மரத்தடியில் வாளி வாளியாகத் தூவிய உரத்தின் இனம்தான். வெடியின் அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழிந்துவிடுகிறது. செத்தவற்றில் ஒரு பகுதிதான் மிதக்கும். மீதி அடியில் அமிழ்ந்து யாருக்கும் பயனில்லாமல் அழுகும். பவளமோ நொறுங்கிச் சல்லியாகிறது. அந்தச் சல்லி அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் புதிய பவளம் ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. பாறை மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நம் கெடாவின் பாயார் தீவுக்கூட்டம் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் கடலில் மீன் பிடிப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் சபாவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. 2019 ஜூலையில் செம்பூர்ணா கடலில் சீன நாட்டுச் சுற்றுப்பயணிகள் இருவரும் அவர்களுடைய முக்குளிப்பு வழிகாட்டியும் இறந்தார்கள். மீன் வெடியே காரணமென நம்பப்படுகிறது. தமிழகத்திலும் இந்தக் கதை உண்டு. 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்காவானது. அதன் பிறகும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினார்கள். வெடி போட்டும் மீன் பிடித்தார்கள்.

தண்டனையைக் கூட்டினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பிடிபடுகிறவன் படகிலிருக்கும் ஏழை. சபாவில் அவர்களிடையே குடியுரிமையே இல்லாத கடலோடிகளும் உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடு காலந்தள்ளிய தாத்தா பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நாம், "நாடற்றவன் அப்படித்தான் செய்வான்" என்று எளிதாகச் சொல்லிவிடலாமா? டெட்டனேட்டர் கடலில் விளைவதில்லை. அதை யாரோ விற்கிறார். வெடியில் செத்த மீனை யாரோ மொத்தமாக வாங்குகிறார். அந்த மீனுக்குள் முள் ஒடிந்திருக்கும், தசையில் இரத்தம் கட்டியிருக்கும். அறுத்துப் பார்த்த வியாபாரிக்கு அது தெரியாமல் போகாது. அதிகாரிகள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அங்கேதான் என்பேன். ஏழ்மையைக் காட்டி வெடியை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பாறை போனால் முதலில் பட்டினி கிடப்பவை அதே படகுக்காரரின் பிள்ளைகள்தாம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய்த் தேர்வு வழிகாட்டி முகாம் நடத்துகிறது. நல்ல பணி. அதில் ஒரு பிற்பகலை ஓடைக்கு ஒதுக்கலாமே? பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துப் போய், என்ன மீன் இருக்கிறது, என்ன மீன் இல்லாமல் போனது என்று எழுதச் சொல்லலாம். வசதியிருந்தால் ஒரு முறை பாயாருக்கும் கூட்டிப் போகலாம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓடையில் திலாப்பியா கொஞ்சம் வந்திருக்கிறதாம். மாமாவின் மகன் முதுகில் பேட்டரியோடு இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு சின்னப் பையன் வாளியோடு நின்றான். "வாண்ணே, ரெண்டு மீன் எடுத்துட்டுப் போ" என்றான் மாமா மகன். நான் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவனிடம் அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.