ஒருவரா, இருவரா?

போன வாரம் செய்யாற்றுக்குப் போயிருந்தேன். வேதபுரீசுவரரைத் தரிசித்துவிட்டு, பழைய சிநேகிதரான ஒரு பட்டு ஜவுளிக்காரர் வீட்டில் காபி சாப்பிட உட்கார்ந்தேன். ஆரணித் தறிக்காரர்களிடம் சேலை நெய்யச் சொல்லி வாங்கி விற்பது அவர் தொழில். இப்போது அவருடைய பிள்ளையாண்டான் இணையத்திலும் ஒரு கடை போட்டிருக்கிறான்.

அன்று தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் பெரிய வழக்கு. என்னைக் கண்டதும் மத்தியஸ்தம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"பாருங்க சார், போன மாசம் நம்ம தளத்துக்கு ஆயிரம் பேர் வந்திருக்காங்க. செல்போன்லே எழுநூறு, கம்ப்யூட்டர்லே முந்நூறு. ஆர்டர் நாற்பது. அதிலே முப்பது கம்ப்யூட்டர்லே வந்தது. செல்போன்காரங்க சும்மா வேடிக்கை பார்த்துட்டுப் போறாங்க. அந்த விளம்பரத்தை நிறுத்திட்டு, தறிக்குக் கொடுக்கிற ஆர்டரையும் குறைச்சுக்கலாம்னு சொன்னா அப்பா கேட்க மாட்டேங்கிறார்" என்றான் பையன்.

"நாலு வீட்டிலே அடுப்பு எரியற விஷயம், தம்பி" என்றார் பெரியவர் என்னைப் பார்த்து.

"ஆயிரம் பேர் என்கிறாயே, அப்பா! ஆயிரம் முகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

பையன் விழித்தான். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

எண்ணுகிற கருவி முகத்தைப் பார்ப்பதில்லை. வருகிறவருடைய போனிலோ கம்ப்யூட்டரிலோ ஓர் அடையாளச் சீட்டை வைத்துவிடுகிறது. 'குக்கீ' என்று அதற்குப் பெயர். 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி கண்டுபிடித்தது. மறுபடி வரும்போது சீட்டு இருந்தால் பழைய ஆள். இல்லாவிட்டால் புது ஆள். ஆனால் போனில் உள்ள சீட்டைப் பற்றிக் கம்ப்யூட்டரில் உள்ள சீட்டுக்கு ஒன்றும் தெரியாது.

கோயிலுக்கு இரண்டு வாசல். வாசலுக்கு ஒரு காவலாள். இருவரும் தனித்தனியாகத் தலையை எண்ணுகிறார்கள். காலையில் ஒரு வாசலிலும் மாலையில் இன்னொரு வாசலிலும் நுழைந்த பக்தர் ஒருவர்தான். கணக்கில் மட்டும் இருவர்!

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் ராத்திரி படுக்கப் போகுமுன் போனில் மாம்பழ நிறச் சேலை ஒன்றைப் பார்க்கிறாள். அம்மாவுக்குப் படம் அனுப்புகிறாள். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பணம் கட்டுகிறாள். பையனுடைய கணக்கில் போன்காரி 'வேடிக்கை பார்த்தவள்', கம்ப்யூட்டர்காரி 'வாங்கியவள்'.

எழுநூறிலும் முந்நூறிலும் இருநூறு பேர் பொது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது வந்தவர்கள் ஆயிரம் அல்ல, எண்ணூறுதான். நூற்றுக்கு நாலு பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு, நூற்றுக்கு ஐந்து என்று மாறிவிடும். வியாபாரம் நினைத்ததைவிட நன்றாகவே நடக்கிறது என்று அர்த்தம்.

எல்லாரிடமும் ஒரே ஒரு கருவி இருந்தவரை இந்தத் தொல்லை அதிகமில்லை. ஸ்டாட்கவுண்டர் என்ற நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் 2012-லேயே இணையப் பயன்பாட்டில் செல்போன் கம்ப்யூட்டரை முந்திவிட்டது. 2016 அக்டோபரில் உலகம் முழுவதுக்குமே போனும் டாப்லெட்டும் சேர்ந்து 51.3 சதவிகிதம், கம்ப்யூட்டர் 48.7. இதுவும் பார்த்த பக்கங்களின் கணக்கே தவிர, ஆட்களின் கணக்கு அல்ல.

தலைகீழான தப்பும் உண்டு. வீட்டுக்கு ஒரே போன். அதில் அம்மா, மகள், பாட்டி மூவரும் சேலை பார்த்தால் கருவிக்கு ஒரே ஆள்தான். பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு இது பழைய கதை. 1948-ல் ஏற்பட்ட ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் விற்ற பிரதிகளைத்தான் எண்ணுகிறது. ஒரு பிரதி எத்தனை கை மாறுகிறது என்பது வேறு கணக்கு. இரவல் வாங்கிப் படிக்கும் அடுத்த வீட்டு மாமி எந்தப் பிரதியிலும் அடக்கமில்லை!

"அப்போ என்னதான் சார் வழி?" என்றான் பையன்.

வழி இருக்கிறது. வாடிக்கைக்காரர் தம் பேரைப் பதிந்துகொண்டு நுழைந்தால், எந்தக் கருவியில் வந்தாலும் அவரை ஒருவராகவே எண்ணலாம். கூகுள் 2020-ல் கொண்டுவந்த புதிய கணக்குக் கருவியில் அப்படி இணைப்பதற்கு இடம் உண்டு. ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். 2023-ல் இதற்கென்றே ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. பதியாமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது உதவாதுதான். காசில்லாத வழி இன்னொன்று: ஆர்டர் எடுக்கும்போது, "முதலில் எதில் பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பது.

பெரியவர் சிரித்தார். "செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்து நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிட்டு, ஒண்ணும் வாங்காமே போவாங்க. வெள்ளிக்கிழமை மாமியாரோட வந்து ரெண்டு எடுப்பாங்க. செவ்வாய்க்கிழமை நான் மடிச்ச மடிப்பு வீணா? எனக்கு முகம் தெரியும், உன் மெஷினுக்குத் தெரியலே. அவ்வளவுதானே?"

நான் ஒரு பக்கம் விளக்கியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

தீர்ப்பு இதுதான்: ஒரு மாதம் வாங்குகிறவர்களை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வது, அதுவரையில் விளம்பரத்திலும் கை வைப்பதில்லை, தறியிலும் கை வைப்பதில்லை. பையன் ஒப்புக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தான்.

நான் பஸ் ஏறுமுன் முதல் ஆர்டர் வந்தது, கம்ப்யூட்டரில்தான். பையன் போன் செய்து கேட்டான். அந்த அம்மாள் சொன்ன பதில்: "என் பொண்ணு போன்லே பார்த்தேன்!"