விண்ணில் பறந்தவன் மண்ணில் தவிப்பதா?

நள்ளிரவு தாண்டிய நேரம். மீனம்பாக்கத்தில் விமானம் வந்து இறங்குகிறது. வளைகுடா வெயிலில் இரண்டாண்டு காலம் கம்பி கட்டிய தொழிலாளி வெளியே வருகிறான். ஒரு கையில் பெட்டி. மறு கையில் பிள்ளைக்கு வாங்கிய பொம்மை. நெஞ்சிலே ஊர் நினைவு. கடலைக் கடந்து நாலு மணி நேரத்தில் வந்துவிட்டவன், "எழும்பூருக்குப் போக வழி என்ன?" என்று கேட்கிறான். "டாக்சி" என்கிறார்கள். கூலியைக் கேட்கிறான், தலை சுற்றுகிறது. பெட்டியைத் தரையில் வைத்து, அதன் மீதே உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருக்கிறான்.

தோழர்களே! இது ஒருவன் கதையா? அன்றாடக் காட்சியல்லவா!

"விமானம் ஏறுபவன் சீமான்தானே, அவனுக்கு எதற்குப் பஸ்?" என்று கேட்பாருண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று கொத்தனாரும் தச்சரும் ஓட்டுநரும் வயிற்றுப்பாட்டுக்காக விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் மட்டுமா? விமான நிலையத்தில் தரை துடைப்பவர் யார்? மூட்டை ஏற்றுபவர் யார்? இரவெல்லாம் கண் விழித்துக் காவல் நிற்பவர் யார்? பாட்டாளிகளே அல்லவா! அவர்களுக்கு விமான நிலையம் உல்லாசப் பயணத்தின் வாசல் அல்ல, வேலைக்களம்.

எதுவுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் பாதையில் அமைந்தது அது. ஏழைக்கு ஏற்ற கட்டணம் இன்றும் அங்கேதான். 2016 செப்டம்பர் 21 அன்று மெட்ரோ ரயிலும் விமான நிலைய வாசலுக்கே வந்தது. 2021 பிப்ரவரியில் அதன் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால், கடிகாரத்தைப் பாருங்கள்! மெட்ரோ ரயில் வழக்கமாக விடியற்காலை 5 மணிக்குப் புறப்படுகிறது. இரவு 11 மணியோடு அடங்குகிறது. வெளிநாட்டு விமானங்களோ நள்ளிரவிலும் வைகறையிலும் வந்து போகின்றன. காலை 6 மணி வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணிக்கே வந்து நிற்க வேண்டும் என்பது அறிவுரை. 5 மணி ரயில் அவனுக்கு எதற்கு? இரவு வேலை முடித்து இரண்டு மணிக்கு வெளியேறும் தொழிலாளிக்கு எதற்கு? விமானம் உறங்குவதில்லை, அதற்கு வழிகாட்டும் வண்டி மட்டும் உறங்கலாமா?

முடியாத காரியமா இது? லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு இரவு பஸ் ஓடுகிறது. ஹாங்காங்கில் பயணிக்கு விரைவு பஸ் ஒரு வகை. விமான நிலையத் தொழிலாளி போக மெதுவான, மலிவான பஸ் மற்றொரு வகை. இரவுக்கும் தனிப் பஸ். பெங்களூரில் 2008-இல் நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பால், தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் மெட்ரோ ரயில் அங்கே போய்ச் சேரவில்லை. இரவும் பகலும் ஓடிய அரசுப் பஸ்களே கைகொடுத்தன.

டில்லி தரும் பாடம் வேறு. 2011-இல் விமான நிலைய ரயிலைத் தனியாரிடம் ஒப்படைத்து ஓடவிட்டார்கள். மறு ஆண்டே பழுதென்று நின்றது. 2013 ஜூலையில் பொதுத்துறையான டில்லி மெட்ரோ நிறுவனம் ஏற்றது, பின்னர் கட்டணத்தைக் குறைத்தது, கூட்டம் பெருகியது. கட்டணம் குறைந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். நிலம் பறிபோகும் என்று ஏகனாபுரம் மக்கள் எழுப்பிய கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும்; அது தனியே பேச வேண்டிய பெரும் பிரச்சினை. நாம் இங்கே கேட்பது இது: ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏழை எப்படிப் போவான்? ஓடுபாதைக்கு முன்னால் ரயில் பாதை வரட்டும்!

இன்றே செய்யக் கூடியவை சில. விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டி, சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இரவு பஸ் விட வேண்டும். அது நெடுஞ்சாலையில் அல்ல, முனைய வாசலில் நிற்க வேண்டும். தென்மாவட்டப் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன; ஆகவே விமான நிலையத்திலிருந்து அங்கே செல்லும் சுமார் 15 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் கோடிக் கணக்குப் பார்ப்போர், இரவு பஸ்ஸுக்கு மலையைப் புரட்ட வேண்டியதில்லை என்பதை உணர வேண்டும். பஸ் இருக்கிறது; பாதை இருக்கிறது; மனம்தான் வேண்டும்.

மீனம்பாக்கத்தின் முனையங்களுக்குக் காமராசர் பெயரும் அண்ணா பெயரும் சூட்டினோம். எளிய குடும்பங்களில் பிறந்து எளியோருக்காகப் பேசிய தலைவர்கள் அவர்கள். அந்தப் பெயர்களின் நிழலிலே ஏழை விடிய விடியப் பெட்டி மீது உட்கார்ந்திருப்பது நமக்குப் பெருமையா?

தோழர்களே! உங்கள் பகுதியில் விமான நிலைய வேலைக்குப் போவோரைக் கண்டு பேசுங்கள். எந்த நேரத்தில், எந்த ஊருக்குப் பஸ் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். கையெழுத்துகளோடு போக்குவரத்துக் கழகத்தின் கதவைத் தட்டுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், சேர்ந்து கேட்டால் விரைவிலே கிடைக்கும்!