ஏற்றும் வலிமையும் நிறுத்தும் வலிமையும்

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன் பாண்டியனுக்குரிய சிறுமலையைக் குறிப்பிடுகிறான். அம்மலையைச் சூழ்ந்து நிற்பனவாக அவன் அடுக்கும் மரங்களில் வாழை உண்டு, பலா உண்டு. திண்டுக்கல்லில் வாழ்பவர்களுக்கு அந்தப் பட்டியல் பழம்பாட்டு அன்று. காலைச் சந்தையின் சரக்கு. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழையும், பலாவும், எலுமிச்சையும் இன்றும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நகரில் அவை வந்து சேரும் சந்தைக்கே சிறுமலை செட் என்று பெயர். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து குதிரைகள் சுமந்து வந்து போடும் மூட்டைகளை, அங்கிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளின் வழியாகச் சமவெளிக்குக் கொண்டுவருபவை ஜீப்களும் பொலிரோக்களும் சிறு சரக்கு வண்டிகளும். அவற்றோடு இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. கூரைக்கு மேல் சட்டம் பூட்டி, அதன்மேல் பெட்டிகளையும் கூடாரத்தையும் கட்டிக்கொண்டு, ஏழெட்டுப் பேரை உள்ளே திணித்துக்கொண்டு விடுமுறை நாட்களில் மலையேறும் எஸ்யூவிகள்.

இவ்விரு வகையினரும் ஒரே பட்டறைகளுக்குத்தான் செல்கின்றனர். ஒரே வாசகத்தைத்தான் சொல்கின்றனர்: "லோடு அதிகம் ஏத்தணும், கொஞ்சம் வலுவா செஞ்சு குடுங்க." இந்த "வலு" என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரை. தமிழ் இலக்கியம் படித்தவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல் தவறான பொருளில் வழங்கி, அதனால் மனிதர்கள் சாகக்கூடும் என்றால், அது சொல்லைப் படித்தவனுக்கும் உரிய வேலைதான் என்பது என் எண்ணம்.

பட்டறைகளில் வலு என்பதற்குப் பெரும்பாலும் என்ன பொருள் கொள்ளப்படுகிறது? பின்னச்சின் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ பட்டை சேர்ப்பது. அகலமான, உயரமான டயர் மாட்டுவது. கூரையில் சட்டம் பொருத்துவது. இவை மூன்றும் முடிந்தால் வண்டி "ரெடி". சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கிறது. பார்க்கக் கம்பீரமாகவும் இருக்கிறது. பிரேக்கை யாரும் தொடுவதில்லை. அதுதான் பிடிக்கிறதே என்பார்கள். பிடிக்கிறதுதான், காலி வண்டியில், சமதளத்தில், குளிர்ந்த நிலையில்.

சுமையை ஏற்றும் வலிமை வேறு, அதை நிறுத்தும் வலிமை வேறு. முன்னதைக் கூட்டிப் பின்னதை இருந்தபடி விட்டுவைப்பதை மேம்பாடு என்று சொல்லக் கூடாது. இதை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஆட்களும் சரக்கும் சேர்த்து 2500 கிலோ எடையுள்ள வண்டி 700 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 17 மெகாஜூல். முப்பது டிகிரி வெப்பத்தில் உள்ள தண்ணீர் ஐம்பத்தெட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இன்னொரு வகையில் சொன்னால், அதே வண்டியை அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது தடவை முற்றாக நிறுத்துவதற்கு ஒப்பானது. எஞ்சினும் காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பில் வெப்பமாகச் சேரவேண்டும். கூடுதலாக முந்நூறு கிலோ ஏற்றினால் இன்னும் ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அந்த இரும்பின்மேல் ஏறுகிறது. ஸ்பிரிங்கில் சேர்த்த பட்டைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

வெப்பம் மிகும்போது பிரேக் இரண்டு வகையில் கைவிடுகிறது. முதல் வகையில் மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பேடும் லைனிங்கும் தம் உராய்வுத் தன்மையை இழந்துவிட்டன என்று அதற்குப் பொருள். டிரம் பிரேக்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகிச் செல்லும். இரண்டாம் வகை இதைவிடக் கொடியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிவிட்டால் மிதி தரைவரை அமுங்கும். அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேராது. எத்தனையோ பேர் வண்டி வாங்கிய நாளிலிருந்து பிரேக் ஆயிலை மாற்றியதே இல்லை, அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்வதோடு சரி. மலைச்சாலையில் சுமையோடு இறங்குகிறவருக்குச் சில நூறு ரூபாய் ஆயில் மாற்றத்தைவிட மலிவான மேம்பாடு வேறில்லை.

பட்டை சேர்ப்பதால் பிரேக் அப்படியே இருந்துவிடுகிறது என்றாவது ஆறுதல் கொள்ளலாமா என்றால், அதுவும் இல்லை. பல வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் செல்லவேண்டும் என்பதை முடிவுசெய்ய ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி பின்னச்சோடு இணைந்திருக்கும். சுமை ஏறி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால், பின்னால் பாரம் இருக்கிறது என்று கண்டு அந்த வால்வு பின்பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். பின்பக்கம் உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று கொண்டு குறைத்துவிடும். கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தை நிமிர்த்திய வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், வால்வின் கணக்கில் அது காலி வண்டியே. பின்பிரேக் தன் பங்கைச் செய்யாது. முன்பிரேக்குகள் முழுச் சுமையையும் ஏற்று முன்னதாகவே காய்ந்துபோகும். வால்வை மறுபடி சீரமைக்காமல் பட்டை சேர்ப்பது, வண்டியைத் தன் பாரத்தை அறியாதபடி செய்துவிடுவதாகும். புதிய வண்டிகளில் இவ்வேலையை மின்னணு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது; 2019 ஏப்ரல் முதல் பயணியர் கார்களில் ஏபிஎஸ் கட்டாயமாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, வெப்பத்தைக் குறைக்காது. தேய்ந்த டயருக்குப் பிடிப்பைக் கொடுக்காது.

டயரில் நடக்கும் பிழை இதற்கு இளைத்ததன்று. பிரேக் என்னதான் சக்கரத்தைப் பிடித்தாலும், வண்டியைச் சாலையோடு பிடிப்பது உள்ளங்கை அகல ரப்பர்தான். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின் வரும் எண் அதன் சுமைக் குறியீடு. 94 என்றால் ஒரு டயர் தாங்குவது 670 கிலோ; 100 என்றால் 800; 104 என்றால் 900. அதுவும் குறித்த காற்றழுத்தம் இருந்தால்தான். காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளுக்குள் சூடேறும். அங்கேயே நான்கிலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாத பழைய டயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. உயரமான டயர் மாட்டுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. சக்கரத்தின் ஆரம் நூற்றுக்கு ஐந்து கூடினால், அதே மிதி அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்துவிசை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறையும். கியரில் இறங்கும்போது எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் விசையும் அப்படியே குறையும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கம்பீரத்துக்காக மாட்டும் டயர் ஒரே நேரத்தில் மூன்று பாதுகாப்புகளைக் குறைக்கிறது.

ஸ்பிரிங்கைப் பற்றி நான் பகைமை பாராட்டவில்லை. பின்பக்கம் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். இரவில் முகவிளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆகவே, அனுமதித்த எடைக்குள் பாரம் ஏற்றியே பின்பக்கம் தாழ்கிறது என்றால், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். கடினமான ஸ்பிரிங்கும் செத்துப்போன ஷாக்கும் சேர்ந்தால், வளைவிலுள்ள ஒரு பள்ளத்தில் சக்கரம் துள்ளிச் சாலையை விட்டு எழும். அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

ஆகவே என் வரிசை பட்டறை வரிசைக்கு நேர்மாறானது. முதலில் எடை மேடை: வழக்கமான சுமையோடு வண்டியை ஏற்றி, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, தயாரிப்பாளர் தந்த உச்ச எடையோடு ஒப்பிடுவது. ஏழு பேர் ஏறினாலே ஏறத்தாழ 450 கிலோ. அதற்குமேல் கூரைச் சட்டத்துக்கு என்ன இடமிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது, குறித்த அளவில் போதிய சுமைக் குறியீடுள்ள நல்ல டயர். மூன்றாவது, பிரேக்: புதிய ஆயில், தரமான பேடும் லைனிங்கும், வெடிப்பில்லாத குழாய்கள். அந்த மாதிரிக்கென்றே வடிவமைத்த பெரிய டிஸ்க் கிடைத்தால் அது வெப்பத்தைத் தாங்க உதவும். கண்ட பொருளைக் கொண்டுவந்து பொருத்தினால் முன்பின் சமநிலை கெடும். நான்காவதாகத்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும். இவற்றில் எதுவும் வண்டியின் உச்ச எடையை ஒரு கிலோகூட உயர்த்தாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதிகச் சுமைக்கு அபராதம் அவ்வாண்டுத் திருத்தத்துக்குப் பின் இருபதாயிரம் ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் இரண்டாயிரம்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயம் ஒன்று உண்டு. உல்லாசப் பயணியை விட்டுவிடுவோம். அவர் இரண்டு பெட்டிகளை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். வாழைத்தார் ஏற்றிவரும் வண்டிக்காரரின் நிலை அதுவன்று. ஒரு நடையில் முடியவேண்டியதை இரண்டு நடையாக்கினால் டீசலுக்குப் போவது அவருடைய கூலி. கூடுதல் பாரம் என்பது அவருக்குப் பேராசை அல்ல, பெரும்பாலும் கணக்குத் தீர்க்கும் வழி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். பாரத்தைக் கூட்டிச் சம்பாதித்ததை மிச்சப்படுத்த, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுக் காலால் மட்டும் பிடித்து வருவது நம் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. அணைத்த எஞ்சினில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பின்பு மிதி கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கினால் மேலே சொன்ன வெப்பத்தில் பெரும்பங்கை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். இதற்குப் பட்டறைச் செலவு ஒன்றுமில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தார்களின் மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களோ, வளைவில் குதிரையை ஓட்டிக்கொண்டு எதிரே வருபவரோ இந்தக் கணக்கில் இலாபம் பெறுபவர்கள் அல்லர். அதன் நட்டத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார் உப்பு வணிகரின் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். அவ்வுவமையில் மூன்று செய்திகள் இருக்கின்றன. எருதுகள் நுகத்துக்குப் பழகாத இளையவை; ஏற்றிய பண்டமோ பெரிது; வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யாருக்குத் தெரியும்? ஆகவே அவர்கள் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். தந்தைக்கு அத்தகைய சேம அச்சு போன்றவன் மகன் என்பது பாட்டின் கருத்து. நாம் அதை ஸ்டெப்னியின் முன்னோடி என்று வகுப்பில் சொல்லிச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். என்னைக் கவர்வது அந்த உமணர் சிந்தித்த முறை. இழுப்பதன் தரம், பாரத்தின் அளவு, வழியின் மேடுபள்ளம் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே கேள்வியாகப் பார்த்தார்கள். நம் பட்டறைகளில் இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகிவிட்டன. மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை.

நத்தம் சாலையிலிருந்து சிறுமலைக்குப் பிரியும் இடத்தில், எதிரே இறங்கிவரும் வண்டிகளிலிருந்து சில சமயம் லைனிங் கருகும் வாடை வரும். அது அந்த மூன்றாவது கேள்விக்கு வண்டி சொல்லும் விடை. அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும் நண்பர்கள் "எவ்வளவு ஏற்றலாம்" என்று கேட்பதற்கு முன்னால், "பதினெட்டாவது வளைவிலும் நிற்குமா" என்று கேட்கவேண்டும். கேட்பவர் தொகை கூடினால், பட்டறைக்காரர்களும் தங்கள் வேலை வரிசையை மாற்றிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.