களப்பணியில் பொறுப்புடைமை: கிராம சுகாதாரச் செவிலியர்களின் மாவட்டச் செயற்குழு நிலைப்பாடு

கடந்த மாதம் துறையிலிருந்து வந்த சுற்றறிக்கை உறுப்பினர் எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. அதன் வாசகத்தை இங்கே திரும்ப எழுதவில்லை. எந்த மரணத்தைத் தொடர்ந்து அது வந்தது என்பதையும் எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் துக்கத்தை நம் வாதத்துக்குப் பொருளாக்க விரும்பவில்லை. செயற்குழு நெடுநேரம் விவாதித்தும் எல்லா அம்சங்களிலும் ஒருமித்த முடிவு வரவில்லை. வராத இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம்.

கிராம சுகாதாரச் செவிலியர் தன் பணிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இதில் சங்கத்துக்கு மாற்றுக் கருத்து எப்போதும் இருந்ததில்லை. போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவதும், கருவியைக் கையில் எடுக்காமலே ரத்த அழுத்தம் பதிவதும், ஊசி போடாத குழந்தையின் அட்டையில் தேதி போடுவதும் குற்றம். இவற்றுக்காக நடவடிக்கைக்கு உள்ளாகும் எவருக்காகவும் சங்கம் வாதாடாது. ("பொதுவாக வாதாடாது" என்று திருத்தும்படி சில உறுப்பினர்கள் கேட்டார்கள். பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.)

நம் மறுப்பு சுற்றறிக்கையின் ஒரு பத்தியைப் பற்றியது: தாய் மரணம் நிகழ்ந்தால், தணிக்கை முடிவதற்கு முன்பே, அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் மீது ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை.

ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய்ந்து பார்ப்பதில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது தமிழ்நாடு. 2001–03 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018–20இல் 54 ஆகக் குறைந்தது; அப்போது அகில இந்திய அளவு 97. இந்தக் குறைவில் தணிக்கைக்குப் பங்குண்டு, நம் கால்களுக்கும் பங்குண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2010இல் வெளியிட்ட தாய் மரண ஆய்வு வழிகாட்டுதலின் அடிப்படை, காரணத்தைத் தேடு, ஆளைத் தேடாதே என்பதுதான். இன்று தாய் மரணம் குறித்த காணொளிக் கூட்டத்தில் நடப்பது என்ன? திரையில் இத்தனை அதிகாரிகள். செவிலியர் எழுந்து நிற்கிறார். "ஏம்மா, நீ எத்தனை தடவை போய்ப் பார்த்தே?" என்பது முதல் கேள்வி. அவர் தேதிகளைச் சொல்கிறார். "அப்புறம் ஏன் செத்துப் போச்சு?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பெயர் தணிக்கையா?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தால், அது அறுவை அரங்கத்திலும் ரத்த வங்கியிலும் ஆம்புலன்ஸிலும் கழிந்த நிமிடங்களின் கதை. அந்த அறைக்குள் நம் உறுப்பினருக்கு அனுமதியே கிடையாது. வாசலில் அந்தப் பெண்ணின் மாமியாரோடு அவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே யார் பணியில் இருந்தார், எத்தனை மணிக்கு வந்தார், ரத்தம் எப்போது கேட்கப்பட்டது என்ற கேள்விகள் கூட்டத்தில் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. குறிப்பாணை மட்டும் நேரம் தவறாமல் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்கிறது.

இதில் இன்னொன்று. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். பிக்மி (கர்ப்பிணிப் பதிவு) எண் போட்டு, மூன்றாம் மாதம் முதல் பார்த்தவர் ஒரு செவிலியர். கடைசி இரண்டு மாதம் "விசிட்டர்" என்று வேறொரு செவிலியரின் பட்டியலில் அவள் இருப்பாள். போன இடத்தில் பதிவு மாறுவதற்குள் வலி வந்துவிடுவதும் உண்டு. சுற்றறிக்கை இருவரில் யாருக்குக் குறிப்பாணை தரும்? வரைந்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. இருவருக்கும் தரலாம் என்று நினைத்திருந்தால், அதையாவது எழுதியிருக்கலாம்.

17(பி) என்றால் என்ன என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசாரணை முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. பகுதி சுகாதாரச் செவிலியர் பதவிக்குக் காத்திருப்பவர் காத்திருந்தே ஓய்வு பெறுவார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் போன ஆண்டுகளை யார் தருவார்?

எல்லாவற்றையும்விட எங்களுக்கு அச்சம் தருவது இந்தத் தண்டனை பதிவேட்டில் செய்யப்போகும் வேலை. கடுமையான கூட்டங்களுக்குப் பிறகு வரும் மாதத்தின் கர்ப்பிணிப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும். 110/70. 120/80. மறுபடி 110/70. பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே மை. ஒரு தாய்க்குக்கூட 140/90 இல்லை. ஹீமோகுளோபின் எல்லோருக்கும் பத்துக்கு மேல். உண்மையில் அந்த ஊரில் 7க்குக் கீழே ஒரு பெண் இருப்பாள். அவளை எழுதினால் "ஹை ரிஸ்க்" பட்டியலில் ஏற வேண்டும். ஏறினால், நாளை ஏதாவது நடந்தால், "உனக்குத் தெரிந்திருந்ததே" என்பார்கள். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. அயர்ன் சுக்ரோஸ் ஏற்ற வேண்டிய பெண் மாத்திரையோடு வீட்டிலிருப்பாள். உண்மையை எழுதியவருக்குத் தண்டனை, பொய் எழுதியவருக்குப் பாராட்டு என்று வைத்துவிட்டு, அதற்குப் பொறுப்புடைமை என்று பெயரிட்டிருக்கிறார்கள். இப்படி எழுதும் உறுப்பினரை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. மேலே சொன்னதே அவருக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பேனாவை அவர் கையில் திணித்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

முகப்பதிவு வருகை குறித்துச் செயற்குழுவில் கருத்து வேறுபாடு உண்டு. களத்துக்குப் போகும் நேரத்தில் "ஆள் இல்லை" என்று புகார் வாங்கிச் சலித்த சிலர் அதை வரவேற்கிறார்கள். மலைப்பகுதியில் சிக்னலுக்காகப் பாறை ஏறி நிற்பவர்கள் எதிர்க்கிறார்கள். கொள்கை அளவில் எதிர்ப்பில்லை. துணை நிலையத்தில் மட்டும் பதிய வேண்டும் என்ற நிபந்தனை, வீடு வீடாகப் போக வேண்டிய பணிக்குப் பொருந்தாது என்பதைப் பதிவு செய்கிறோம்.

வாட்ஸ்அப் குழுவில் தரவரிசையின் கடைசிப் பத்துப் பேரின் பெயரைச் சிவப்பு எழுத்தில் போடும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

சமவெளியில் 5000 பேருக்கும் மலையில் 3000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது நெறி. காலிப்பணியிடத்தால் இரண்டு நிலையங்களைக் "கூடுதல் பொறுப்பு" என்று சுமப்பவரை, ஒரு நிலையத்தை மட்டும் பார்ப்பவரோடு ஒரே அட்டவணையில் தரவரிசைப்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல. 18 வயதுக்குட்பட்ட கர்ப்பிணியைப் பதிந்தால் ஊர் பகை, பதியாவிட்டால் போக்சோ சட்டப் பிரிவு 19ஐ மீறிய குற்றம்; இதில் செவிலியருக்குத் துணையாகத் துறையிலிருந்து யார் வருவார் என்பதற்கும் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

மாற்றாக நாங்கள் முன்வைப்பது இது. மாதம் ஒருமுறை, பகுதி சுகாதாரச் செவிலியர் முன்னறிவிப்பின்றிப் பதிவேட்டிலிருந்து சில பெயர்களைக் குலுக்கி எடுத்து, வேறொரு நிலையத்துச் செவிலியரோடு அந்த வீடுகளுக்கே போய் ரத்த அழுத்தத்தையும் எடையையும் மீண்டும் பார்க்கட்டும். எழுதியதும் பார்த்ததும் பெரிதும் வேறுபட்டால், விளக்கம் கேட்டு 17(ஏ)வில் தொடங்கட்டும். வேண்டுமென்றே பொய் என்று உறுதியானால் 17(பி)க்கும் போகட்டும், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் நேரம் எழுதுகிறோம். பெற்றுக்கொண்ட மருத்துவமனையும் நேரத்தையும் செய்த சிகிச்சையையும் எழுதி மறுசீட்டுத் திருப்பித் தர வேண்டும். தாய் மரணக் கூட்டத்தில் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளுக்கும் ஒரே மேஜை, ஒரே கேள்விகள். தொழில்முறைத் தவறு என்றால் அதைச் செவிலியர்கள் இடம்பெறும் குழு விசாரிக்கட்டும். 2023இல் நிறைவேறிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் தொழில் நன்னடத்தையைக் கவனிக்கும் பொறுப்பை மாநில ஆணையத்துக்குத் தந்திருப்பது இதற்காகத்தான். அரைமணி நேரக் காணொளியில் ஒரு பெண்ணின் தொழில் நேர்மையை முடிவு செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் நகல் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

17(பி) குறித்த பத்தி திரும்பப் பெறப்படும்வரை உறுப்பினர்கள் தரவரிசைக்கான தினசரிப் புள்ளிவிவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். பிக்மி பதிவு, புதன்கிழமைத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, பிரசவ அழைப்பு ஆகிய எதுவும் நிற்கக்கூடாது. நிறுத்துபவர் சங்கத்தின் முடிவுக்கு எதிராக நடப்பவர். மாவட்ட சுகாதார அலுவலர் பேச்சுக்கு அழைத்தால் செயற்குழு போகும். குறிப்பாணை பெற்றவர்கள் தனியாகப் பதில் எழுதாமல், நகலை வட்டாரச் செயலாளரிடம் இந்த வாரத்துக்குள் கொடுக்கவும்.