தகட்டுக்கு இருந்த கணக்கு

திருச்சியை ஒட்டி, திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை எந்தப் பட்டறைக்குள் நுழைந்தும் ஒரு கொதிகலன் தகட்டைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பதில் யோசிக்காமல் வரும்: பெல் கம்பெனியுடையது. பட்டறைக்காரர் அதை வெட்டுவார், வளைப்பார், வெல்டிங் வைப்பார். செய்கூலி அவருக்கு, தகடு அவருடையதல்ல. கேஸ் கட்டரைப் பற்றவைக்கும் முன்பே, தகட்டின் மேல் இருக்கும் ஹீட் நம்பரை, வெட்டப்போகும் ஒவ்வொரு துண்டின் மேலும் பஞ்ச் அடித்துப் பதித்தாக வேண்டும். எந்த ஆலையில், எந்த உருக்கில் பிறந்த இரும்பு அது என்பதை அந்த எண் சொல்லும். வேலை முடிந்ததும் வந்த எடை, செய்து அனுப்பிய எடை, மிஞ்சிய துண்டு, ஸ்கிராப் எல்லாம் தாளில் நேராக வேண்டும். நேராகாவிட்டால் பில்லில் பிடித்துக்கொள்வார்கள்.

1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு பெல் என்று நாம் சொல்லும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இங்கே வந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. பெரிய ஆலை வரைபடத்தையும் தகட்டையும் கொடுத்தது. சிறிய பட்டறை உழைப்பைக் கொடுத்தது. 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்துகொண்டது. கொதிகலன் சட்டப்படி தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாத வெல்டர் அழுத்தம் தாங்கும் பாகத்தைத் தொடவே முடியாது. இத்தனையும் நடந்தபோது யாரும் இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் சூட்டவில்லை. ஆனால் தொழில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு பொருளை அதன் கடைசித் துண்டு வரை கணக்கில் வைத்திருப்பது எப்படி என்பதை, அறுபது ஆண்டுகளாக இந்த ஊர் நடைமுறையாகவே அறிந்திருக்கிறது.

அதே திருவெறும்பூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் திருச்சி நோக்கிப் போனால் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு வரும். 47 ஏக்கருக்கு மேல் பரப்பு. 1960-களிலிருந்து நகரத்தின் கழிவு அங்கே போய் மலையாகக் குவிந்தது. அது தீப்பற்றி எரிந்த நாட்களில் சுற்றுவட்டாரம் முழுவதும் கண் எரிச்சலோடும் இருமலோடும் கழிந்திருக்கிறது. தகட்டுக்கு இருந்த கணக்கில் ஒரு சிறு பங்குகூட, அந்த மலையில் போய்ச் சேர்ந்த பிளாஸ்டிக் உறைகளுக்கு இருந்ததில்லை. அது ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

சாஷே என்று நாம் சொல்லும் சின்னப் பாக்கெட்டின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன், வசதி படைத்தவர்கள் வாங்கும் எதையும் ஏழையும் வாங்க முடிய வேண்டும் என்று நினைத்தவர். தகர டப்பாவில் விற்ற டால்கம் பவுடரைச் சிறு பொட்டலங்களாக்கினார்; எப்சம் உப்பை ஐந்து கிராம் பாக்கெட்டாக்கினார். அந்த வழியில்தான் வெல்வெட் ஷாம்பு சிறு பைக்குள் வந்தது. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்தே சிக் ஷாம்புக்குப் பெயர் எடுத்தார். பிற்காலத்தில் அந்த நிறுவனம் கெவின்கேர் ஆனது. அரப்பும் சீயக்காயும் மட்டுமே கைக்கு எட்டிய வீடுகளுக்குள் ஷாம்பு நுழைந்தது. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. கூலி வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்குப் பாட்டில் வாங்கும் பணம் ஒரே நாளில் கிடைப்பதில்லை. ஒரு நாள் வருமானத்துக்குள் அடங்கும் அளவில் பொருளைத் தந்தது அவளுக்குச் செய்த மரியாதைதான்.

அந்தக் கதையில் இன்று நாம் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சிக் ஷாம்புவைப் பரப்ப ரங்கநாதன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி, ஐந்து காலி ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று அதை மாற்றினார். மாதம் 35,000 பாக்கெட்டாக இருந்த விற்பனை 12 லட்சமானதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது விற்பனை உத்தி, சுற்றுச்சூழல் திட்டமல்ல. அன்று யாரும் அப்படி யோசிக்கவுமில்லை. ஆனால் நடந்தது என்ன? கிராமத்துப் பெட்டிக்கடை காலி உறைகள் வந்து சேரும் இடமானது. ஒரு கிராம்கூடத் தேறாத உறையை மக்கள் பத்திரப்படுத்தி எடுத்து வந்தார்கள். காலி உறைக்கு விலை இருந்தது. சரக்கு போன வழியிலேயே உறையும் திரும்பியது. விற்பனை பெருகி, திட்டத்தின் வேலை முடிந்ததும் அந்த வழி மூடிக்கொண்டது. பின்னால் எல்லாப் பெரிய கம்பெனிகளும் சாஷேயைக் கையில் எடுத்தன. காலி உறைக்கான விலையை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த உறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெளியே அச்சு ஏறுவதற்குப் பாலியஸ்டர். நடுவில் ஈரமும் காற்றும் புகாமல் தடுக்க அலுமினியப் பூச்சு. உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளப் பாலித்தீன். மூன்றையும் சேர்த்து ஒட்டிய பிறகு கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க முடியாது. ஒரு கிலோ சேர ஆயிரம் முறைக்கு மேல் குனிந்து பொறுக்க வேண்டும். பொறுக்கிக் கொண்டுபோனாலும் காயலான் கடையில் எடைபோட மாட்டார்கள். ஆனால் அதே கடையில் பால் கவருக்கு விலை உண்டு, ஏனென்றால் அது ஒரே வகைப் பாலித்தீன். கழுவிக் காயவைத்து அடுக்கி வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. (கவரை வெட்டும்போது தனியே விழும் அந்த முக்கோண மூலை மட்டும் யார் கைக்கும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. முழுக்க வெட்டாமல் ஒட்டியபடி விட்டால் அதுவும் கவரோடு திரும்பும்.) பெட் பாட்டிலுக்கும் அப்படி விலை உண்டு. ஆகவே, பொறுப்பற்ற மக்கள் வீசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பாதி உண்மைகூட இல்லை. விலை உள்ளதை நம் ஊரில் யாரும் தெருவில் விட்டுவைப்பதில்லை. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் பாட்டில்களை ஆட்கள் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போவார்கள். ஷாம்பு உறைகள் படியிலேயே ஒட்டிக் கிடக்கும்.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து 2011 விதிகளிலேயே வந்துவிட்டது. 2016-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொன்னன. அந்தக் கெடு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், விதியே திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாததும், எரித்து ஆற்றல் எடுக்க முடியாததும், வேறு எந்தப் பயனும் இல்லாததுமான உறைகளை மட்டும் நிறுத்தினால் போதும் என்றானது. எரித்தால் சூடு தராத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? அந்தச் சில சொற்களில் சாஷே தப்பிப் பிழைத்தது. அன்று அந்த விதியை மாற்றாமல் விட்டிருந்தால், ஒரே வகைப் பொருளில் உறை செய்யும் தொழில்நுட்பத்தில் இந்தியத் தொழில்துறை இன்று பல ஆண்டுகள் முன்னே போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் திருத்தத்தின் பலன் திருச்சிக்காரர்களுக்குத் தொலைவில் இல்லை. வடக்கே டால்மியாபுரத்திலும் அதற்கு அப்பால் அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. எங்கும் விலைபோகாத பிளாஸ்டிக் அவற்றின் சூளைகளில் நிலக்கரிக்குப் பதிலாக எரிபொருளாகிறது. அரியமங்கலம் மலையைத் தோண்டி, சுழலும் சல்லடை உருளைகளில் சலித்து மண்ணையும் கல்லையும் பிரித்தால் மிஞ்சுவது மக்கிய மண் அப்பிய உறைகள்தான். அவற்றுக்குச் சூளையை விட்டால் வேறு வழியில்லை. பழைய பாவத்தைத் தீர்க்க அது சரியான வழியே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலையும் பயனுள்ள வழிதான். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, தாரில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும் அந்த முறை அவருக்குப் பத்மஸ்ரீயைத் தேடித் தந்தது. ஆனால் சூளைக்குள் போனது சாம்பலோடு முடிந்தது, சாலைக்குள் போனது சாலையோடு முடிந்தது. இரண்டிலிருந்தும் அடுத்த உறை பிறப்பதில்லை. இன்றைக்கு அச்சாகும் பாக்கெட்டுக்கும் சூளைதான் கதி என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021 செப்டம்பரில் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையும் சேர்ந்து இந்திய பிளாஸ்டிக் உடன்படிக்கையைத் தொடங்கின. ஆசியாவில் இத்தகைய முதல் முயற்சி அது. 2030-க்குள் எல்லா உறைகளும் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ ஏற்றவையாக வேண்டும். பாதியாவது உண்மையில் மறுசுழற்சியாக வேண்டும். புதிய உறையில் சராசரி 25 சதவீதம் பழைய பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்பவை இலக்குகள். கடையில் எதிரெதிர் அலமாரியில் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததே நல்ல செய்தி. ஒரு கம்பெனி மட்டும் உறையை மாற்றினால் செலவு அதன் தலையில் விழும். எல்லோரும் சேர்ந்து மாற்றினால்தான் அந்த வகைக்குச் சந்தை உருவாகும். ஆனால் சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்ற நிலையில் உடன்படிக்கை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்?

ஜெர்மனியில் நடந்ததைப் பார்க்கலாம். உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 1991-இல் அங்கே சட்டமாக்கினார்கள். சட்டம் வருவது உறுதி என்று தெரிந்ததும் நிறுவனங்கள் ஒன்றுகூடிச் சேகரிப்புக்கென ஒரு பொது அமைப்பைக் கட்டின. பச்சைப் புள்ளி அச்சிட்ட ஒவ்வொரு உறைக்கும் அதன் பொருளையும் எடையையும் பொறுத்துக் கட்டணம் வாங்கினார்கள். 2003-இல் தகர டப்பாக்களுக்கும் ஒருமுறை பாட்டில்களுக்கும், காலியைத் தந்தால் திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகை வந்தது. ஒத்துழைப்பு அங்கே நல்லெண்ணத்தில் மட்டும் பிறக்கவில்லை. பணமும் சட்டமும் முன்னால் வந்து நின்றன.

நம்மிடமும் இப்போது சட்டம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் உறைகளை வகை பிரித்து, ஆண்டுவாரியாக இலக்கும் வைத்தது. வளையும் உறைகளில் 2024-25-இல் 30 சதவீதமும் 2027-28 முதல் 60 சதவீதமும் மறுசுழற்சியாக வேண்டும். ஆனால் இது சான்றிதழ் வழியாக நடக்கிறது. எங்கோ ஒரு மறுசுழற்சியாளர் இத்தனை டன் செய்தேன் என்று சான்றிதழ் எழுதுவார். கம்பெனி அதை வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளும். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது சுமார் 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. தாள் சுற்றிவந்தது, பிளாஸ்டிக் இருந்த இடத்திலேயே கிடந்தது. ஹீட் நம்பர் இல்லாத தகட்டை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார். உறை மட்டும் எந்தத் தெருவில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், யார் கழுவினார் என்ற எந்த அடையாளமும் இல்லாமல் கணக்கில் ஏறிவிடுகிறது.

அடையாளமும் விலையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2022-இல் நீலகிரி காட்டியது. காட்டுக்குள் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அந்த ஆண்டு மே மாதம் முதல் டாஸ்மாக் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்ததும் திருப்பிக் கொடுத்தது. பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் அடையாளம். மிகப் பெரும்பகுதி திரும்பிவந்தது. பிறகு பெரம்பலூர், கோவை என்று திட்டம் விரிந்தது. அங்கே எழுந்த எதிர்ப்பும் நியாயமானது. காலிப் பாட்டிலை அடுக்க இடமில்லை, எண்ணி வாங்க ஆளில்லை, சுமை எல்லாம் எங்கள் தலையில் என்று கடை ஊழியர்கள் போராடினார்கள். பிளாஸ்டிக்குக்கு இப்படி ஒரு திட்டம் வரும்போது பெட்டிக்கடைக்காரருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் தரவேண்டிய பங்கை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது அதில் கற்றது.

கொதிகலன் ஆர்டர்கள் குறைந்தபோது திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகள் பல மூடப்பட்டன. தகடு உருட்டும் ரோலும் தேர்ந்த வெல்டர்களும் உள்ள ஊர் இது. பிளாஸ்டிக்கைக் கழுவும் தொட்டி, அரைக்கும் இயந்திரம், அழுத்திக் கட்டும் பேலிங் இயந்திரம் எதுவும் இவர்களுக்குப் பெரிய வேலையல்ல. பக்கத்திலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இல்லாதது ஆர்டர். நம் கடைகளில் சரக்கு விற்கும் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து, இந்த மாவட்டத்தில் பிரித்துத் தரப்படும் உறைகளைக் குறைந்தபட்ச விலை பேசி, ஐந்து ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒரு தாள் இருந்தால் வங்கி கடன் தரும். பட்டறை இயந்திரம் செய்யும். 2011-இல் திருவெறும்பூரையும் தன்னோடு சேர்த்துக்கொண்ட மாநகராட்சி, வீடு வீடாகத் தரம்பிரித்து வாங்குவதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கும். பழைய பிளாஸ்டிக் குருணை ஒரு தடவை இருப்பதுபோல் மறு தடவை இருப்பதில்லை என்று உறை செய்பவர்கள் சொல்லும் குறையும் உண்மைதான். வெல்டருக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுத்தது போலவே, ஒவ்வொரு மூட்டைக் குருணையையும் சோதித்து எண் போட ஒரு பொதுப் பரிசோதனைக்கூடம் வேண்டும். அதன் செலவை நிறுவனங்கள் தாங்கள் விற்கும் உறையின் எடைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம். பிரிக்க முடியாத மூன்றடுக்கு உறைக்குக் கூடுதல், ஒரே வகை உறைக்குக் குறைவு. பெட் பாட்டிலுக்கான முன்வைப்புத் தொகையை, வெளியூர்க் கூட்டம் ஓயாத ஸ்ரீரங்கத்தில் முதலில் வைத்துப் பார்க்கலாம். 60 சதவீத இலக்கு 2027-28-லேயே வந்துவிடுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இயந்திரம் ஓடத் தொடங்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும்.